கத்தரிக்காய்க்கு நடந்த விசாரணை

கத்தரிச் செடி வைத்துப் பழகிய குடியானவன் எவனுக்கும் அதன் ஜன்மப் பகை எது என்று மற்றவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாற்றைப் பிடுங்கி நட்டு, அது வேர் பிடித்துக் கிளைத்து, சில வாரங்கள் சென்ற பின்பு ஒரு நாள் காலையில் தோட்டத்துக்குள் நுழைகிறவன் கண்ணில் முதலில் படுவது, முந்தின நாள் வரை நிமிர்ந்து நின்ற கொழுந்து தலை சாய்ந்து வாடிக் கிடப்பதுதான். அதைக் கிள்ளிப் பிளந்து பார்த்தால், தண்டின் சோற்றைக் குடைந்தபடி, வெளிறிய சிவப்பு நிறத்தில் ஒரு புழு நெளிந்துகொண்டிருக்கும். காய் பிடித்த பிற்பாடு அதே இனத்துப் புழு, காம்பை ஒட்டிய பச்சைத் தொப்பியின் மறைவில் துளையிட்டு உள்ளே புகுந்து, தான் நுழைந்த வாசலைத் தன் எச்சத்தாலேயே அடைத்துக்கொள்ளும். அப்புறம் எத்தனை முறை மருந்து தெளித்தாலும் அது காயின் தோலில் படியுமேயன்றிப் புழுவின் மேல் படாது. வேளாண்மை நூல்கள் இதைத் தண்டு மற்றும் காய்த்துளைப்பான் என்று குறிக்கின்றன. சந்தையிலோ 'சொத்தை' என்ற ஒரு சொல்லில் காரியம் முடிந்துவிடுகிறது. சொத்தை என்று ஒதுக்கப்பட்ட கூடைக்கு விலையில்லை.

இந்தப் புழுவுக்கு அஞ்சியே கத்தரித் தோட்டங்களில் வாரத்துக்கு இரண்டு முறையும் அதற்கு மேலும் விஷ மருந்து தெளிக்கும் வழக்கம் பரவியது. தெளித்த கை ஈரம் உலர்வதற்குள் காயைப் பறித்து மூட்டை கட்டி அனுப்பும் அவலமும் பல இடங்களில் உண்டு. ஆகவே, மருந்தே தெளிக்காமல் புழுவை மாய்க்கும் ஒரு கத்தரிச் செடியை நாங்கள் உண்டாக்கியிருக்கிறோம் என்று விஞ்ஞானிகள் வந்து சொன்னபோது, அது அற்பமான காரியமாக ஒருவருக்கும் தோன்றியிருக்க முடியாது. பின்னால் எழுந்த பெரும் எதிர்ப்பின் சரித்திரத்தைச் சொல்ல வருகிறவன் இதை முதலில் ஒப்புக்கொண்டுதான் மேலே செல்ல வேண்டும். நோய் மெய்யானது, மருந்தைப் பற்றித்தான் வழக்கு.

மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர் புழுக்களைக் கொல்லும் என்பது பழைய செய்தி. 1901இல் ஜப்பானில் இஷிவாடா என்பவர் பட்டுப்புழுக்கள் திடீரென்று மடிவதன் காரணத்தை ஆராய்ந்து அதைக் கண்டார். 1911இல் ஜெர்மனியின் துரிங்கியப் பகுதியில் பெர்லினர் என்பவர் அதை மறுபடியும் கண்டு, பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்று அதற்குப் பெயரிட்டார். அந்தப் பெயரின் முதலெழுத்துகளே பி.டி. அந்த நுண்ணுயிர் எந்த மரபணுவின் வலிமையால் தன் விஷப் புரதத்தைச் சுரக்கிறதோ, அந்த மரபணுவை எடுத்துப் பயிரின் உயிரணுவுக்குள்ளேயே பதித்துவிட்டால், பயிரின் ஒவ்வோர் அங்கமும் புழுவுக்கு நஞ்சாகிவிடும் என்பது இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கைகூடிய வித்தை. மகாராஷ்டிரத்தில் ஜால்னா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மஹைகோ என்னும் விதைக் கம்பெனி, அமெரிக்காவின் மான்சாண்டோ கம்பெனியின் பங்கு முதலீட்டைப் பெற்றிருந்த நிலையில், முதலில் பருத்தியிலும், 2000 வாக்கில் தொடங்கிக் கத்தரியிலும் இந்த வித்தையைப் பிரயோகித்தது. அமெரிக்க அரசின் உதவி நிதியும் கார்னெல் பல்கலைக்கழகத்தின் துணையும் சேர்ந்த ஒரு திட்டத்தின் வழியாக, நம்முடைய பொதுத் துறை ஸ்தாபனங்களும் இதில் இணைந்தன. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 2, எம்.டி.யு. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1 என்ற நான்கு ரகங்களில் அந்த மரபணுவைச் சேர்க்க முற்பட்டது. தார்வாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மல்லாப்பூர், குடச்சி, ரப்கவி முதலிய ஊர்களின் பெயரைத் தாங்கிய ரகங்களையும், உடுப்பியின் குள்ளக் கத்தரியையும் சேர்த்து ஆறு ரகங்களை எடுத்துக்கொண்டது. கோயம்புத்தூரும் மதுரையும் கிள்ளிகுளமும் பாலூரும் இந்தச் சர்ச்சைக்குள் வந்த வகை இதுதான்.

இப்படிப்பட்ட பயிர்களை வயலுக்கு விடலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் அதிகாரம், 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, டெல்லியில் கூடும் மரபணுப் பொறியியல் அனுமதிக் குழுவின் கையில் இருந்தது. அந்தக் குழுவின் கதவுக்குள் குடியானவன் இல்லை, சமைக்கிறவளும் இல்லை. 2002 மார்ச்சில் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தபோது நாட்டில் முணுமுணுப்பு இல்லாமலில்லை. அதற்கு முன்பே, 1998இல், பேராசிரியர் நஞ்சுண்டசாமியின் தலைமையில் கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கத்தார் சோதனைப் பருத்தி வயல்களில் செடிகளைப் பிடுங்கித் தீயிட்டிருந்தார்கள். ஆனாலும் பருத்தி உடுக்கிற பொருள். இலைக்குள்ளும் காய்க்குள்ளும் நஞ்சுப் புரதம் ஊறிய பயிரை உலையில் ஏற்றி உண்ணச் சொல்வது வேறு விஷயம் என்பதை ஜனங்கள் உடனே உணர்ந்துகொண்டார்கள். 2006இல் அரியானாவிலும் கோயம்புத்தூர்ப் பகுதியிலும் பி.டி. நெல்லின் சோதனை வயல்களில் விவசாயிகள் இறங்கிப் பயிரை அழித்ததற்கு இந்த உணர்ச்சிதான் மூலம்.

எதிர்ப்பின் வரலாற்றில் தீயிட்ட செய்தி எளிதில் நினைவில் நிற்கும். என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய காரியம் காகிதத்தால் நடந்தது. கத்தரியைப் பற்றிய பாதுகாப்புப் பரிசோதனைகளின் விவரங்களைக் கம்பெனியும் சர்க்காரும் வியாபார ரகசியம் என்று பூட்டி வைத்திருந்தபோது, அப்போதுதான் பிறந்திருந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கொண்டு 2006இல் ஒரு விண்ணப்பம் போடப்பட்டது. மத்தியத் தகவல் ஆணையம் அதன் பக்கம் நியாயம் கண்டது. உச்ச நீதிமன்றத்தில் 2005 முதல் அருணா ரோட்ரிக்ஸ் முதலியோர் நடத்திவந்த பொதுநல வழக்கிலும் இதே கோரிக்கை வலுப்பெற்று, 2008இல் அந்த ஏடுகள் வெளிவந்தன. ஜனங்கள் தாங்கள் உண்ணப்போகும் ஒரு காயைப் பற்றிய ஆராய்ச்சிக் குறிப்புகளை நீதிமன்றத்தின் வழியாக வாங்கிப் படித்தது இந்நாட்டில் அதுவே முதல் தடவையாக இருக்கலாம். படித்தவர்கள் கேட்ட கேள்விகளில் மூடநம்பிக்கை எதுவும் இல்லை. எலிக்கு 90 நாள் கொடுத்துப் பார்த்தது, ஆயுள் முழுதும் உண்ணப்போகும் மனிதனுக்குப் போதுமா? விற்கப்போகும் கம்பெனியே செய்வித்த பரிசோதனையை, விற்பனையில் லாபமில்லாத வேறொரு கூடம் திரும்பச் செய்து பார்த்ததா? ஹைதராபாத்தில் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தை நிறுவியவரும், உச்ச நீதிமன்றத்தின் நியமனத்தால் அந்த அனுமதிக் குழுவின் கூட்டங்களில் அமர்ந்தவருமான டாக்டர் புஷ்ப மித்ர பார்கவா இதே கேள்விகளைக் குழுவுக்குள்ளிருந்து கேட்டார். மரபணு விஞ்ஞானத்தை இந்தியாவில் வேரூன்றச் செய்தவர்களில் ஒருவர், பரிசோதனை போதாது என்று சொன்னபோது, எதிர்ப்பவர்கள் எல்லாரும் விஞ்ஞான விரோதிகள் என்ற வாதம் அந்த இடத்திலேயே பலமிழந்தது.

2009 அக்டோபர் 14ஆம் தேதி அனுமதிக் குழு கத்தரிக்குச் சம்மதம் கொடுத்தது. உலகிலேயே பி.டி. கத்தரிக்குக் கிடைத்த முதல் சம்மதம் அது. மறுநாளே அப்போதைய சுற்றுச்சூழல் மந்திரி ஜெய்ராம் ரமேஷ், குழுவின் அறிக்கையைப் பிரசுரித்து, டிசம்பர் முடியும் வரை யார் வேண்டுமானாலும் அபிப்பிராயம் எழுதலாம் என்றும், அதன் பின் தாமே ஊர் ஊராகச் சென்று கேட்கப்போவதாகவும் அறிவித்தார். சக மந்திரிகள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. குழுவின் முடிவே கடைசி முடிவு என்று விவசாய மந்திரி சரத் பவார் சொன்னார். அப்படியும் கூட்டங்கள் நடந்தன. 2010 ஜனவரி 13ஆம் தேதி கல்கத்தாவில் தொடங்கி, புவனேசுவரம், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஹைதராபாத் என்று சென்று, பிப்ரவரி 6ஆம் தேதி பெங்களூரில் முடிந்த அந்த ஏழு கூட்டங்களிலும் ஏறக்குறைய 8,000 பேர் கலந்துகொண்டார்கள்.

அந்தக் கூட்டங்களைச் சற்று நிதானித்துப் பார்க்க விரும்புகிறேன். மண்டபத்துக்கு வெளியே கத்தரிக்காய் மாலை போட்டுக்கொண்டும் பதாகை பிடித்துக்கொண்டும் கூட்டம். உள்ளே ஒலிபெருக்கிக்கு முன் வரிசை. விதைத்தவரும் விற்றவரும், மருத்துவரும் மாணவரும், பல்கலைக்கழகப் பேராசிரியரும், கம்பெனியின் பிரதிநிதியும், மடத்துச் சீடரும், வீட்டுச் சமையலைத் தவிர வேறு உத்தியோகம் இல்லாத பெண்களும் அடுத்தடுத்து நின்று, வங்காளத்திலும் ஒரியாவிலும் குஜராத்தியிலும் மராட்டியிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் தத்தம் வழக்கைச் சொன்னார்கள். பி.டி. பருத்தியால் பயனடைந்தேன், கத்தரியிலும் அது வரட்டும் என்று பேசிய விவசாயிகளும் அங்கே இருந்தார்கள். அவர்களை மறைத்து எழுதுவது சரித்திரமாகாது. நாக்பூரில், விதர்ப்பத்துப் பருத்தி விவசாயிகளின் கடனும் சாவும் எல்லார் மனத்திலும் கனத்துக்கொண்டிருந்தபடியால், கூச்சல் எல்லை மீறிற்று. பெங்களூரில் இடமின்றி ஜனங்கள் நெரித்தார்கள். ஒழுங்கில்லாத விசாரணை என்று அதைக் குறைகூறியவர்கள் உண்டு. ஒழுங்கான குழு அறையில் எடுபடாமற்போன கேள்விகள் அந்த ஒழுங்கற்ற மண்டபங்களில் நான்கு வாரத்துக்குள் எழுந்துவிட்டன என்பதை நான் அவர்களுக்கு நினைவூட்டுவேன்.

ஏன் கத்தரிக்காய்க்காக இத்தனை பேர் எழுந்தார்கள் என்று அயல்நாட்டார் வியந்ததுண்டு. கத்தரியின் பிறப்பிடமாகக் கருதப்படும் தேசங்களில் பாரதம் முதன்மையானது. டெல்லியிலுள்ள தேசியத் தாவர மரபு வளக் களஞ்சியத்தில் மட்டும் ஏறக்குறைய 4,000 கத்தரிச் சேகரிப்புகள் இருக்கின்றன. உருண்டை, நீளம், வரி ஓடியது, வெண்மையானது, முள் நிறைந்தது என்று, ஆற்றுக்கு ஒரு ரகமும் சந்தைக்கு ஒரு ருசியுமாக அது இந்த மண்ணில் பல்கிக் கிடக்கிறது. வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரியை வாங்குகிறவர் அதன் முள் கையில் குத்துவதைப் பொருட்படுத்துவதில்லை. எண்ணெயில் வதக்கினால் வெண்ணெய்போல் குழையும் அதன் சதைக்காகவே தேடி வாங்குகிறார். கர்நாடகத்தில் உடுப்பியை அடுத்த மட்டு என்ற கடற்கரைக் கிராமத்தில் விளையும் பச்சை நிறக் குள்ளக் கத்தரிக்கோ ஒரு ஸ்தல புராணமே உண்டு: பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த மத்துவ மடாதிபதி வாதிராஜர் அந்த ஊராருக்கு விதை கொடுத்தார் என்றும், அதனால்தான் கிருஷ்ணன் கோயில் பர்யாய விழாவின் விருந்தில் அந்தக் காய்க்குத் தனி இடம் என்றும் அவ்வூரார் சொல்லுகிறார்கள். அந்தக் காயின் வம்சத்தையே ஆராய்ச்சிக்கூடத்துக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள் என்ற செய்தி எட்டியபோது, அதுவரை எந்த இயக்கத்திலும் சேராத சாதுவான ஊராரும் பேசத் தொடங்கினார்கள்.

இது பக்தியோடு நிற்கும் விஷயமும் அன்று. கத்தரிப் பூவில் தேனீ அமரும். ஒரு தோட்டத்து மகரந்தம் அடுத்த தோட்டத்துக்குப் போகும். வேலி தாண்டிப் போகும் மரபணுவை எந்தச் சட்டம் திரும்ப அழைக்கும்? கண்டங்கத்தரியும் தூதுவளையும் சுண்டையும் கத்தரியின் இனத்தைச் சேர்ந்தவை. சித்த வைத்தியத்திலும் ஆயுர்வேதத்திலும் இருமலுக்கும் கபத்துக்கும் அவற்றை நம்பியிருக்கும் வைத்தியர்கள், சம்மதக் கடிதம் எழுதுமுன் எங்களையும் கேட்டிருக்க வேண்டாமா என்றார்கள். இன்னொரு வாதம் எனக்கு எல்லாவற்றிலும் கூர்மையாகத் தோன்றியது. வேண்டாதவர்கள் வாங்காமல் இருந்துகொள்ளட்டும், வேண்டியவர்கள் உண்ணட்டும் என்று சமாதானம் சொன்னார்கள். பெட்டியில் அடைத்து முகப்புச் சீட்டு ஒட்டி விற்கும் நாட்டில் அது பொருந்தலாம். தலைச்சுமைக் கூடையிலும் தள்ளுவண்டியிலும், பல தோட்டத்துக் காய் ஒன்றாய்க் கலந்து தராசில் ஏறும் நாட்டில், எந்தக் காய் எது என்று விற்கிறவளுக்கே தெரியாது. தெரிவு செய்யும் உரிமை அங்கே வெறும் ஏட்டுச் சுரைக்காய்.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் உரிய கௌரவத்தோடு சொல்லியாக வேண்டும். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைவராயிருந்த டாக்டர் பத்மநாபன் போன்ற பெரியவர்கள், இந்தப் புரதம் புழுவின் குடலில் வேலை செய்யும் முறைக்கும் மனிதக் குடலுக்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினார்கள். விவசாயி நாள்தோறும் முகர்கிற பூச்சிமருந்து இதைவிடப் பெருங்கேடு என்றார்கள். பின்னாளில், 2013 அக்டோபரில் அனுமதி கொடுத்து மறு ஜனவரியில் 20 விவசாயிகளுக்கு நாற்று வழங்கிய வங்கதேசம், சில ஆண்டுகளுக்குள் பல்லாயிரம் பேர் அதைப் பயிரிடுவதைக் கண்டது. மருந்துச் செலவு குறைந்தது என்று அங்கே வந்த ஆய்வுகளையும் கண்ணை மூடித் தள்ளிவிட முடியாது. மாறாக, பிலிப்பைன்ஸில் 2015இல் உச்ச நீதிமன்றமே கத்தரிச் சோதனைகளை நிறுத்திற்று. மறு ஆண்டு அந்தத் தீர்ப்பை அதுவே திரும்பப் பெற்றது. ஒரே செடி, ஒரே மரபணு. மூன்று தேசங்களில் மூன்று விதி.

2010 பிப்ரவரி 9ஆம் தேதி மந்திரி தம் தீர்மானத்தை வெளியிட்டார். ஜனங்களுக்கும் துறை வல்லுநர்களுக்கும் ஒருங்கே திருப்தி தரும்படி, சுதந்திரமான ஆய்வுகளால் நெடுங்காலப் பாதுகாப்பு நிரூபணமாகும் வரை பி.டி. கத்தரிக்கு அனுமதி நிறுத்திவைக்கப்படுகிறது என்பது அதன் சாரம். மேற்கு வங்காளம், ஒரிசா, பிகார் உள்ளிட்ட பெரிய கத்தரி ராஜ்யங்கள் அச்சமும் தயக்கமும் தெரிவித்ததை அவர் குறிப்பிட்டார். பசுமைப் புரட்சியின் தந்தை என்று போற்றப்பட்ட டாக்டர் எம். எஸ். சுவாமிநாதனே நெடுநாள் நச்சுத்தன்மைச் சோதனையையும் நாட்டு ரகங்களைச் சேகரித்துக் காப்பதையும் வற்புறுத்தியதை எடுத்துக்காட்டினார். ஆந்திரத்தில் லட்சக்கணக்கான விவசாயிகள் ரசாயன மருந்தின்றியே பயிர் காக்கிறார்கள் என்பதையும் பதிவு செய்தார். அனுமதிக் குழு அவ்வாண்டிலேயே மதிப்பீட்டுக் குழு என்று பெயர் மாற்றப்பட்டது.

அதற்குப் பின் நடந்தவற்றை விரிக்கத் தேவையில்லை. சிலவற்றைச் சொல்லாமல் விடவும் முடியாது. மந்திரியின் வேண்டுகோளுக்கிணங்க ஆறு விஞ்ஞானச் சபைகள் கூடி 2010 செப்டம்பரில் கொடுத்த ஆதரவறிக்கையில், வேறொரு கட்டுரையின் வாக்கியங்கள் மூலம் சொல்லப்படாமலே அப்படியே இடம்பெற்றிருந்தது வெளிப்பட்டு, அந்தச் சபைகள் திருத்திய அறிக்கை தர நேர்ந்தது. சுதந்திரமான ஆராய்ச்சி வேண்டும் என்று நாடு கேட்டதற்கு இப்படி ஒரு மறுமொழி கிடைத்தது, விஞ்ஞானத்தை மதிக்கிறவர்களையே அதிகமாக வருத்திற்று. சென்னையில் இயங்கும் தேசியப் பல்லுயிர்ப் பரவல் ஆணையம், நாட்டுக் கத்தரி ரகங்களை முன்னனுமதியின்றி எடுத்துக் கையாண்டதாகச் சம்பந்தப்பட்டவர்கள் மீது 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி நடவடிக்கை எடுக்க 2011இல் முடிவு செய்தது. கர்நாடகத்து ரகங்களோடு நம்முடைய நான்கு ரகங்களின் பெயரும் அந்தப் புகாரில் அடிபட்டது. பாசுதேவ் ஆச்சார்யா தலைமையிலான பாராளுமன்ற விவசாயக் குழு, விதர்ப்பத்துக் கிராமங்களுக்கு நேரில் சென்று வந்து, 2012 ஆகஸ்டில், வயற்சோதனைகளையே நிறுத்த வேண்டும் என்று கட்சி வித்தியாசமின்றி ஒருமித்துச் சொல்லிற்று. தமிழ்நாட்டில் இந்த விஷயத்தை ஊர் ஊராக எடுத்துச் சென்று, வேப்பங்கொட்டைச் சாறும் இனக்கவர்ச்சிப் பொறியும் வாடிய கொழுந்தைக் கிள்ளியெறிவதும் போதும் என்று வயலிலேயே நின்று விளக்கிய நம்மாழ்வார் 2013 டிசம்பரில் காலமானார்.

இவ்வளவு நடந்தும் குடியானவனின் மூலக் குறை தீரவில்லை என்பதில்தான் என் மனம் உறுத்துகிறது. எதிர்ப்பவர்கள் கேட்ட சுதந்திரமான நெடுநாள் பரிசோதனைக்குச் சர்க்கார் ஏற்பாடு செய்யவில்லை. பூச்சிமருந்து இல்லாத முறைகளை ஒவ்வொரு கத்தரித் தோட்டத்துக்கும் கொண்டுசேர்க்கும் பெருமுயற்சியையும் எடுக்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான், 2019இல் அரியானாவின் பதேகாபாத் மாவட்டத்தில் அனுமதியற்ற பி.டி. கத்தரி வளர்ந்துகொண்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டு அழிக்கப்பட்டது. எங்கிருந்து விதை வந்தது என்று அறியாமல் நட்ட ஏழை விவசாயி தன் பயிரை இழந்தான். விதையைக் கொண்டுவந்தவர்கள் மறைவிலேயே இருந்தார்கள். மறு ஆண்டு, டெல்லிப் பொதுத்துறை ஆராய்ச்சிக்கூடத்தில் உருவான வேறிரண்டு பி.டி. கத்தரி ரகங்களுக்கு, தமிழ்நாடு உட்பட எட்டு ராஜ்யங்களில் வயற்சோதனை நடத்தலாம் என்று மதிப்பீட்டுக் குழு அனுமதித்தது. ராஜ்ய அரசுகளின் இசைவு வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் கூடவே நின்றது.

கத்தரியின் வழக்கில் விடப்பட்ட கேள்வியைக் கடுகின் வழக்கு எடுத்துக்கொண்டது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் உருவான டி.எம்.எச். 11 என்ற மரபணு மாற்றுக் கடுகுக்கு 2022 அக்டோபரில் சூழல் வெளியீட்டுக்கான சம்மதம் கிடைத்தபோது, பழைய வழக்காடிகளே மறுபடி உச்ச நீதிமன்றத்தின் வாசலுக்குச் சென்றார்கள். 2024 ஜூலை 23ஆம் தேதி, நீதிபதி நாகரத்னா அந்தச் சம்மதம் செல்லாது என்றும், நீதிபதி சஞ்சய் கரோல் செல்லும் என்றும் தீர்ப்பளித்தார்கள். சம்மதத்தில் பிரிந்த இருவரும் ஒன்றில் சேர்ந்தார்கள்: மரபணு மாற்றுப் பயிர்களைப் பற்றி ஒரு தேசியக் கொள்கை வகுக்கப்பட வேண்டும், அதை வகுக்கும்போது ராஜ்ய அரசுகளையும் விவசாயிகளையும் சம்பந்தப்பட்ட மற்றவர்களையும் கலந்தாலோசிக்க வேண்டும். 2010இல் ஒரு மந்திரியின் விருப்பத்தால் நடந்த காரியம், அந்த உத்தரவின்படி, இனி எந்த மந்திரி வந்தாலும் சர்க்காரின் கடமை.